ஜல்லித் தளமும் இரண்டாவது ஷரத்தும்

கையெழுத்துத்தானே தம்பி, போடலாம். பேனாவைப் பைக்குள் வையுங்கள். நீங்கள் ஓசூரிலிருந்து கொண்டுவந்த ரெடிமேட் ஷெட்டை லாரியிலிருந்து தூக்கி இறக்க ஹைட்ரா கிரேன் வரவேண்டும், அது பைபாஸில் இன்னொரு வேலையில் நிற்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுவரை இந்த வேப்பமரத்து நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அந்த நாற்காலி இல்லை, அதற்கு ஒரு கால் சரியில்லை. இது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பேஸ் யார் போட்டது? படிவத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. 'அடித்தளம் அமைத்தவர்' ஒன்று. 'உரிமையாளர்' ஒன்று. நியாயமான கேள்விதான், ஆனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நாற்பத்தொரு வருடம் மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவன் நான். கோமதிநாயகம் என்று கோவில்பட்டியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வயதானவர்களாகப் பார்த்துக் கேளுங்கள். எந்தப் படிவத்திலும் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்கு நேரே நான் என் பெயரை எழுதியதில்லை. வீட்டுவரி ரசீதில் இருக்கிறது. அது நகராட்சி எழுதியது.

இந்த ஷெட் எதற்கு என்று கேட்டால் என் மகள் தோட்டத்துச் சாமான் வைக்க என்பாள். மண்வெட்டியும் பூவாளியும் ஒரு மூலையில் இருக்கும், மறுக்கவில்லை. மீதி இடம் முழுவதும் சங்கத்தின் காகிதங்களுக்கு. இருபத்து மூன்று சாக்கு. நாற்பத்தொரு வருடத்துத் துண்டறிக்கைகள், உறுப்பினர் பதிவேடு, ஆயிரத்து நூற்று நாற்பது பேர். நான் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மீதியெல்லாம் துண்டறிக்கையில் படித்தது, பிறகு துண்டறிக்கை எழுதிப் படித்தது. என் அறிக்கையில் காராச்சேவு மடித்துக் கொடுத்த கடைக்காரர்கூட முதலில் படித்துவிட்டுத்தான் மடித்தார்.

மில்லை மூடி இருபது வருடம் தாண்டிவிட்டது. அரிசிக்கடை மாடியில் இருந்த சங்க அறையைக் கட்டட உரிமையாளரின் பையன் திருப்பிக் கேட்டுவிட்டான், செல்போன் கடை போடுகிறானாம். காகிதங்களை எடுத்துக்கொண்டு போகும்போது கைகொடுக்க வாருங்கள் என்று ஊரில் மிச்சமிருக்கிற உறுப்பினர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அந்த இரும்பு பீரோவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரிக்க வந்தவர்.

இப்போது சாக்குகள் வீட்டு வராந்தாவில் இருக்கின்றன. மேற்கே பாருங்கள், கறுத்துக்கொண்டு நிற்கிறது. ஐப்பசி மழை வராந்தாவுக்குள் முழங்கால் உயரம் சாரல் அடிக்கும். இன்றைக்கு விட்டால் தெற்கே வருகிற அடுத்த லாரி ஒரு மாதம் கழித்துத்தான் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்தில் அந்த ஆயிரத்து நூற்று நாற்பது பேரும் கூழாகிவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தளம் எனக்குச் சாதாரண விஷயமில்லை.

இது கரிசல் மண் தம்பி. ஓசூர்க்காரர் உங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதன்மேல் எதை வைத்தாலும் இரண்டே வருடத்தில் சாய்ந்து நிற்கும். கரிசலை ஒன்றரை அடிக்கு வெட்டி வெளியே தள்ளவேண்டும். செம்மண் கிராவலை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கவேண்டும். அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதன்மேல் முக்கால் இஞ்ச் ஜல்லி, இடுக்கில் இறங்க கிரஷர் தூசி. ஷெட் பத்துக்குப் பன்னிரண்டு என்றால் தளம் பன்னிரண்டுக்குப் பதினான்கு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாடக்கண்ணு சொன்னது.

மாடக்கண்ணும் அவர் மனைவி பேச்சித்தாயும் திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வந்தார்கள். ஷெட்டை இறக்கக் கைகொடுக்க வந்து அதோ கேட் பக்கத்தில் நிற்கிறார்களே, அவர்கள்தான். கூலித் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டதைக் கொடுத்தேன், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

முதல் நாள் நான் அவர்களை வரவேற்று நாலு வார்த்தை பேசினேன். எந்த வேலையையும் ஒரு வாயிற்கூட்டத்தோடு தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். கூலிக்காரர் என்று யாரும் இல்லை, நாம் எல்லோரும் தோழர்கள் என்று சொன்னேன்.

"என்னைய பேச்சின்னே கூப்புடுங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். "தோழர்னா யாரையோ கூப்புடுதீகன்னு திரும்பித் திரும்பிப் பாக்கணும்."

எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்று சொன்னேன். அது சும்மா வரவில்லை, எத்தனை பேர் எத்தனை ஊரில் அடிபட்டார்கள் என்று சொன்னேன். இரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். வெயில் அவர்கள் முகத்தில் இருந்தது. நான் இந்த மரத்தடியில் நின்றேன், எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அன்று மாலை ஐந்து மணிக்கு மண்வெட்டியைக் கழுவப் போனார்கள். குழி பாதிதான் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாமே என்றேன்.

பேச்சித்தாய் சொன்னாள்: "அண்ணாச்சி, எட்டு மணி நேரத்தப் பத்தி நீங்க சொன்னதுலயே ஒரு மணி நேரம் போயிட்டு. இப்பயும் நின்னோம்னா ஒம்பது ஆயிரும்."

கணக்கு சரிதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய அறிவுக்காகச் செலவானது, வேலைக்காக இல்லை. அதை விளக்கினேன். விளக்கி முடிக்கும்போது ஆறாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கிராவல் வந்து இறங்கியது. மாடக்கண்ணு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ரோட்டு முக்குல வாடகைக்கு அமுக்குற மிஷின் இருக்கு. கொண்டாந்தோம்னா அரை நாள் சோலி," என்றார்.

நான் அவரை உட்காரச் சொன்னேன். 1987இல் மில்லுக்குள் புது நூல்சுற்றும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். ஒரு இயந்திரம், பதினெட்டுக் கைகளின் வேலை. எழுபத்து நாலு நாள் வேலைநிறுத்தம். 'இயந்திரமா, இருநூறு குடும்பமா?' என்று நான் எழுதிய அறிக்கை இரண்டு பதிப்பு போனது. கொள்கையளவில் முழு வெற்றி. இயந்திரம் வந்துவிட்டது, அது வேறு. அப்படிப்பட்ட ஒருவன் தன் வீட்டு வாசலிலேயே உழைப்பாளியின் வேலையை ஒரு இயந்திரத்திடம் பிடுங்கிக் கொடுப்பானா? கொடுக்கமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னேன். உங்கள் கைகளின் உரிமையை நான் காப்பேன் என்றேன். அரை நாள் வேலை மூன்று நாள் வேலையாக இருப்பதில் நஷ்டம் யாருக்கு, எனக்குத்தானே?

"கை எங்களுதுல்லா அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய்.

அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன்.

கடைசியில் திமிசுக் கட்டைதான். பார்த்திருப்பீர்கள், அடியில் இரும்பு, மேலே மரப்பிடி. தூக்கித் தூக்கிப் போடவேண்டும். அதற்கொரு தாளம் இருக்கிறது, கேட்க நன்றாகவே இருக்கும். பேச்சித்தாய் செல்போனில் சினிமாப் பாட்டு வைத்திருந்தாள். அது சிந்தனையை மழுங்கடிக்கும் என்று சொல்லி அணைக்கச் சொன்னேன். பதிலாக நானே பேசினேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே வந்து பார்த்தால் திமிசுக் கட்டை தரையில் கிடக்கிறது. இரண்டு பேரும் இதே மரத்தடியில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன என்று கேட்டேன்.

"மிஷின் வந்தா வேல அண்ணாச்சி," என்றார் மாடக்கண்ணு. "இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

தம்பி, நான் பொய் சொல்லமாட்டேன். முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை நிறுத்துவது சட்டவிரோதம் என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். வாசல் திறந்தே இருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு நான் எப்போதும் தயார், முதலில் வேலைக்குத் திரும்புங்கள் என்றும் சொன்னேன். இந்த வாசகத்தை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது. போய்விட்டது.

யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இப்படி இரண்டு சாதுவான மனிதர்கள் தாமாகக் கட்டையைக் கீழே போடமாட்டார்கள். மூன்று நாளாக அவர்களோடு பேசியவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். என்னைத் தவிர யாருமில்லை. அதனால் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கோரிக்கையை எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றேன். வாய்வார்த்தைக்கு மரியாதை கிடையாது.

"எனக்கு எழுத வராதே," என்றார் மாடக்கண்ணு.

"எனக்குக் கையெழுத்து மட்டும் வரும்," என்றாள் பேச்சித்தாய். "எழுதி வச்சீகன்னா கீழ போட்ருவேன்."

எழுதாத கோரிக்கையை நான் எப்படி நிராகரிப்பது? முறை என்று ஒன்று இருக்கிறது. சரி, நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீங்களே எழுதுவீகளா? யாருக்கு?"

"எனக்கு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "அப்பம் வெரசா எழுதுங்க. வெயில் ஏறுது," என்றாள்.

ஒன்றரை மணி நேரம் எழுதினேன். முதல் வரைவில் பிசகு இல்லை, சூடும் இல்லை. இரண்டாவதில் எதிராளியிடம் இரக்கம் தெரிந்தது. அதைக் கிழித்தேன். மூன்றாவது வரைவில் கை தானாக ஓடியது. தம்பி, மில் மூடிய பிறகு எனக்கு அப்படி ஒரு அறிக்கை அமையவில்லை. எழுதுவதற்கு ஆள் இல்லை, அதாவது எதிர்த்து எழுதுவதற்கு. மரத்தடிக்கு வந்து நின்று வாசித்தேன்.

'உழைக்கும் கரங்களைக் கல்லினும் கீழாக மதிக்கும் கோமதிநாயகத்தின் ஆணவப் போக்கு' என்று தொடங்கியது. 'நிழலில் நின்று நீதி பேசுகிறவர் வெயிலில் நிற்பவனின் தாகம் அறிவாரா?' என்று ஒரு இடம். 'தன் பெருமைக்காக அடுத்தவரின் முதுகை முறிக்கும் கொள்கை, கொள்கையல்ல, கொழுப்பு' என்று ஒரு இடம். அந்த இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். பழக்கம். வாயிற்கூட்டத்தில் அங்கேதான் கைதட்டுவார்கள்.

மாடக்கண்ணு எழுந்து நின்றுவிட்டார். "அவ்வளவுக்கெல்லாம் இல்ல அண்ணாச்சி," என்றார். "நீங்க நல்ல மனுசன்தான்."

"வாசகத்தைக் குறைக்கக் கூடாது," என்றேன். "குறைத்தால் வலு போய்விடும்."

அடுத்த வரி, 'இரத்தம் கசியும் உள்ளங்கைகளோடு நிற்கும் இந்தத் தாயைப் பாருங்கள்' என்பது. அதை வாசித்ததும் பேச்சித்தாய் கேட்டாள்: "இத எப்பம் பாத்தீக?"

"எதை?"

"கையத்தான். நான் காட்டலியே."

நான் பார்க்கவில்லை தம்பி. அந்த வரி என்னுடைய எல்லா அறிக்கையிலும் உண்டு. 1976இலிருந்து உண்டு. அது இல்லாமல் ஒரு அறிக்கை முடியாது, கோலத்துக்குப் புள்ளி மாதிரி. அவள் வலது கையில் ஒரு துணி சுற்றியிருந்தாள். அதைச் சும்மா வெயிலுக்குக் கட்டியிருக்கிறாள் என்று நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்துக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து துணியோடு ஒட்டியிருந்தது. திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

"மேக்கொண்டு வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். கோரிக்கை ஒன்று, அமுக்குகிற இயந்திரம். கோரிக்கை இரண்டு, வேலை நேரத்தில் வரலாறு சொல்லக் கூடாது. அது அவர்களாகச் சொன்னது, நான் எழுத மட்டும் செய்தேன். 'வரலாறு' என்ற சொல் என்னுடையது, அவள் சொன்ன சொல் 'கத'. கோரிக்கை மூன்று, செல்போனில் பாட்டு.

மூன்று மணிக்கு என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து டூட்டி முடிந்து வந்தாள். நர்ஸ். வெற்றிச்செல்வி என்று பெயர். அவள் பிறந்த வாரம் ஒரு போராட்ட வழக்கில் ஜெயித்தோம், அதனால் வைத்த பெயர். அப்பீலில் தீர்ப்பு மாறிவிட்டது, பெயரை மாற்ற முடியவில்லை. வந்தவள் குழியைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்த்தாள், என் கையிலிருந்த தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். முதலில் பேச்சித்தாயைக் கூப்பிட்டு மருந்து போட்டுக் கட்டினாள். அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தாள்.

"அப்பா, கீழ பாருங்க. யாரு கையெழுத்துப் போட்டிருக்கு?"

பார்த்தேன். 'இப்படிக்கு, சு. கோமதிநாயகம், செயலாளர்' என்று இருந்தது. நாற்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது.

"மேல, பெறுநர்?"

'பெறுநர், சு. கோமதிநாயகம்.'

"இதுல அவங்க ரெண்டு பேரு பேரு எங்கப்பா இருக்கு?"

'பாட்டாளிகள்' என்று நாலு இடத்தில் இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது பேரா?" என்றாள். "நீங்க எந்தப் பக்கம்ப்பா?"

"நான் செயலாளர்."

"எந்தச் சங்கத்துக்கு?"

அது முன்னறிவிப்பு தேவைப்படுகிற கேள்வி என்றேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் எடுத்து வந்து, நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். மேலே மூன்று ஷரத்தையும் எழுதினாள். வலது பக்கம் 'தொழிலாளர் தரப்பு'. இடது பக்கம் 'நிர்வாகத் தரப்பு'. தாளை இந்த நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள்.

நான் எத்தனையோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் தம்பி. எல்லாம் வலது பக்கம். தாளில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மற்றவர்களுக்காக என்று நினைத்திருந்தேன். பேச்சித்தாய் வந்து, கட்டுப்போட்ட கையால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பேச்சித்தாய் என்று போட்டாள். மாடக்கண்ணு பெருவிரலை வைத்தார். அப்புறம் மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேற்கே ஒரு இடி உருண்டது. வராந்தாவில் இருபத்து மூன்று சாக்கும் வரிசையாகத் தெரிந்தன. இந்த அறிக்கைக்கு ஒரு மறுப்பு அறிக்கை எழுதலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். எழுதவும் தெரியும். ஆனால் மனதுக்குள் வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

இடது பக்கம் போட்டேன். 'செயலாளர்' என்று எழுதவில்லை. வெறும் பெயர்.

நேற்றுக் காலை இயந்திரம் வந்தது. தளர்ந்து கிடந்த அடுக்கையெல்லாம் கிளறிவிட்டு மறுபடி போட்டார்கள். பேச்சித்தாய்க்கு வலது கை ஆகாது என்று மாடக்கண்ணுதான் ஓட்டினார், அவள் தண்ணீர் விட்டாள், மட்டம் பார்த்தாள். தண்ணீர் நிரப்பிய ஒரு குழாயை நாலு மூலைக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தாள், நூலளவு வித்தியாசம் இல்லை. செல்போன் பாடிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் திமிசுக் கட்டையால் ஆகாதது மூன்றரை மணி நேரத்தில் ஆகிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை மட்டும் பக்கத்தில் போய் அந்த இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தேன். நல்ல இயந்திரம்தான். 1987இல் வந்ததும் நல்ல இயந்திரமாகத்தான் இருந்திருக்கும். அதை எதிர்த்த காரணம் வேறு, இப்போதும் சரிதான். ஆனால் அன்றைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டேனா என்று நேற்று இரண்டு மூன்று தடவை யோசித்தேன். அறிக்கையில் கேட்டிருக்கிறேன். 'தாய்மார்களே, உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அடுத்த வரியில் பதிலும் நானே எழுதியிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் பேச்சித்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஜல்லியில் ஏறி, குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு கல் அசையவில்லை. "ஏறிப் பாருங்க அண்ணாச்சி," என்றாள். ஏறினேன். மேடை மாதிரி இருந்தது. பேசவேண்டும் போலவும் இருந்தது. இறங்கிவிட்டேன்.

போகும்போது அந்த நோட்டீசை ஒரு படி தருவீர்களா என்று கேட்டாள். எதற்கு என்றேன். மேட்டுத் தெருவில் அவளோடு வேலைக்குப் போகிற பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்களாம், ஒரு கட்டட மேஸ்திரி தண்ணீர் குடிக்கக்கூட விடமாட்டேன் என்கிறானாம். "உங்க பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டாப் போதும்," என்றாள். "மத்ததெல்லாம் அப்படியே பொருந்தும்."

இரண்டு படி எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கீழே என் பெயர் இல்லை. அந்த இடத்தில் கோடு மட்டும், ஏழு கோடு, அவர்கள் போட்டுக்கொள்ள. மூலப்பிரதி என்னிடம் இருக்கிறது. ஷெட் இறங்கியதும் முதலில் உள்ளே போவது அதுதான். இருபத்து நாலாவது சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு தாள் உள்ள சாக்கு.

காலையில் மகள் போகும்போது சொன்னாள்: "அப்பா, கையெழுத்துக் கேட்டா போட்டுருங்க. அந்தத் தம்பிகூடச் சண்டை போடாதீங்க." நான் சண்டை போட்டேனா? விளக்கம்தான் சொன்னேன்.

ஹாரன் கேட்கிறதா? அதுதான் ஹைட்ரா, திருப்பத்தில் வருகிறது. படிவத்தைக் கொடுங்கள். 'அடித்தளம் அமைத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதாதீர்கள். பேச்சித்தாய் என்று எழுதுங்கள், பக்கத்தில் மாடக்கண்ணு. ஒற்றெழுத்தெல்லாம் சரியாகப் போடுங்கள். 'உரிமையாளர்'... பேனா எழுதுகிறதா? இங்கேதானே? இதுவும் இடது பக்கமாகவே இருக்கிறது. எந்தப் படிவத்தை எடுத்தாலும் இப்படித்தான் போலிருக்கிறது, இத்தனை வருடம் கவனிக்கவில்லை. ஆயிற்று. வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹைட்ராவைப் பார்த்ததும் ஞாபகம் வருகிறது தம்பி. 1979இல் மில்லுக்குள் முதன்முதலாக ஒரு பாரந்தூக்கி வந்தது. அன்றைக்குக் காலை ஷிப்டில் நான் கேட்டில் நிற்கிறேன், பாய்லர் பிரிவிலிருந்து ஒருவர் ஓடி வந்து...

பேச்சித்தாய் இந்தப் பக்கம் பார்க்கிறாள். வேலை நேரம் தொடங்கிவிட்டது. நீங்கள் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டாவது ஷரத்து.